ஏழாம் நம்பர் அறைக்கு ஒரு சீட்டு

ஆக்னஸ் அம்மாவின் பிரிவு உபசார விழாவில் என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மேடையில் ஏறி நான் அசடு வழிந்த கதையைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் அவர் யார் என்று சொல்ல வேண்டும். செகந்திராபாத்தில் எங்கள் ரயில்வே ஆஸ்பத்திரிக்கு வந்துபோன யாரைக் கேட்டாலும் டாக்டர்களின் பெயர் மறந்திருக்கும், சீட்டம்மாவை மறந்திருக்காது.

சீட்டம்மா என்பது நாங்கள் வைத்த பெயர். வாசலை ஒட்டி ஒரு ஜன்னல், அதற்குப் பின்னால் அவர். வருகிறவர் பெயரைக் கேட்டு, என்ன உபத்திரவம் என்று கேட்டு, எந்த அறைக்குப் போக வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பதுதான் அவர் வேலை. ஒன்றாம் நம்பர் ஜுரம், இருமல். நாலு சர்ஜன். ஐந்து காது, மூக்கு, தொண்டை. ஏழு பல். ஒன்பது தோல். இப்படிப் பதினொரு அறைகள். ஐம்பத்தேழாம் வருஷம், எஞ்சின் ஃபயர்மேனாக இருந்த கணவர் டேவிட்சன் இறந்துபோன பிறகு, இருபத்தாறு வயதில், கைக்குழந்தையை அக்காவிடம் விட்டுவிட்டு அந்த ஜன்னலில் வந்து உட்கார்ந்தவர் எண்பத்தொன்பதில்தான் எழுந்தார். வீடு திருமுல்கேரியில். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். படிப்பு மெட்ரிக்.

எழுதிக் கொடுப்பது யாராலும் முடியும். அவரிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. சீட்டை நீட்டும்போதே, "திரும்பிப் போறப்ப என்னாண்ட சொல்லிட்டுப் போகணும், சமஜ், புரிஞ்சுதா?" என்பார். டாக்டர் என்ன சொன்னார், வேறு அறைக்கு அனுப்பினாரா, கடைசியில் எந்த அறையில் வேலை முடிந்தது, எல்லாவற்றையும் அவரிடம் ஒப்பிக்க வேண்டும். சொல்லாமல் நழுவுகிறவர்களை ஜன்னலிலிருந்தே பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அந்தக் குரலுக்குத் தப்பி யாரும் வெளியே போனதில்லை.

காஜிப்பேட்டையிலிருந்து தண்டவாள வேலை செய்கிற ஒரு கேங்மேன் காது வலி என்று வந்தார். ஐந்தாம் நம்பருக்குச் சீட்டு. அங்கே காதில் ஒன்றுமில்லை, கடைவாய்ப் பல்தான் சொத்தை என்று ஏழாம் நம்பருக்கு அனுப்பினார்கள். அதற்குள் டாக்டர் கிளம்பிவிட்டதால் மனிதர் மறுநாளும் ரயிலேறி வர வேண்டியதாகிவிட்டது. ஆக்னஸ் அம்மா அதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டார். அன்றிலிருந்து யார் காதைப் பிடித்துக்கொண்டு வந்தாலும், "பல்லைக் கடிச்சுப் பாருங்க, எங்க வலிக்குது?" என்று கேட்டுவிட்டுத்தான் எண் எழுதுவார். முப்பது வருஷத்தில் இப்படி எத்தனை ஆயிரம் பேர் அவருக்குப் பாடம் நடத்தியிருப்பார்கள் என்று கணக்கே இல்லை. அவரும் அலுக்காமல் கேட்டுக்கொண்டார்.

எனக்கும் அவருக்கும் முதலில் ஆகவே ஆகாது. நான் உலகநாதன், லாலாகுடா ஒர்க்ஷாப்பில் டிரிம்மர். ரயில் பெட்டிகளின் மெத்தைக்கு நார் திணித்து, ரெக்ஸின் இழுத்து, ஆணி அடிக்கிற வேலை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஒரு தடவை முதுகுவலிக்குச் சீட்டு கேட்டதற்கு எப்போதிருந்து, குனிந்தால் வலியா, நிமிர்ந்தால் வலியா என்று அவர் கேட்டுக்கொண்டே போக, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீ இன்னா டாக்டரா?" என்று கத்திவிட்டேன்.

"நக்கோ, இல்ல. டாக்டரா இருந்தா உங்க சத்தத்தை இவ்ளோ நேரம் உக்காந்து கேப்பனா?" என்று சொல்லி, சீட்டை நீட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார். வரிசை முழுக்கச் சிரித்தது. அதற்கப்புறம் மூன்று வருஷம் எந்த நோய் வந்தாலும் அந்த ஜன்னல் பக்கம் போவதில்லை என்று வைராக்கியமாக இருந்தேன்.

எழுபத்தெட்டாம் வருஷம் அந்த வைராக்கியம் உடைந்தது. கீழுதட்டின் உள்பக்கம், இடது ஓரத்தில், ஒரு சின்ன உருண்டை. பட்டாணி அளவுகூட இல்லை. வலியில்லை, எரிச்சலில்லை. ஆனால் நாக்கு அங்கேயே போய்ப் போய் நின்றது. ஒரு மாதம் போனால் சரியாகிவிடும் என்றிருந்தேன். நாலு மாதம் ஆயிற்று.

வெளியே சொல்லாததற்குக் காரணம் சின்னசாமி. என் பக்கத்து மேஜையில் வேலை செய்தவன், எந்நேரமும் ஜர்தா பீடா. அவனுக்கும் வாய்க்குள் இப்படி ஏதோ ஒன்றுதான் ஆரம்பித்தது. பத்தே மாதத்தில் அவனைத் தூக்கிக்கொண்டு போனோம். கடைசி நாட்களில் அவனால் பேச முடியவில்லை. எனக்கு ஜர்தாவும் இல்லை, பீடியும் இல்லை. இருந்தாலும் பயம் அதையெல்லாம் விசாரித்துவிட்டா வருகிறது? ஆஸ்பத்திரிக்குப் போனால் பெயர் வைத்துவிடுவார்கள், போகாமலிருந்தால் அது வெறும் உருண்டையாகவே இருக்கும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் கட்டிக்கொண்டேன்.

என் மனைவி மங்களத்திடம் அது நடக்கவில்லை. சாப்பிடும்போது நான் அதைக் கடித்துக்கொண்டு அலறியதும், டார்ச் விளக்கோடு வந்து, "ஆ காட்டு" என்றாள். பார்த்தாள். மறுநாள் ஷாப்பில் இருந்த என் பழைய நண்பன் ஒருவனிடம் அவள் சொல்லிவைக்க, சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் டிரிம்மிங் ஷாப் முழுக்க டாக்டர்களாகிவிட்டார்கள். உதடு தோல்தானே, அதனால் தோல் டாக்டர் என்றான் ஒருவன். வாயும் தொண்டையும் ஒரே வழி, அதனால் காது, மூக்கு, தொண்டை என்றான் இன்னொருவன். கட்டி என்றாலே சர்ஜன் என்றார் ஃபோர்மேன். அவர் ஃபோர்மேன் என்பதால் அதை மறுத்துப் பேச ஆளில்லை.

நான் தோல் டாக்டர் என்று முடிவு கட்டினேன். மருத்துவ ஞானத்தால் அல்ல. அவர்கள் சொன்ன மூவரில் கத்தி எடுக்காதவர் அவர் ஒருவர்தான் என்று தோன்றியது. ஒரு களிம்பு கொடுப்பார், வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். பயந்தவன் டாக்டரைத் தேர்ந்தெடுக்கிற லட்சணம் அப்படித்தான் இருக்கும்.

ஒரு திங்கட்கிழமை மங்களம் என்னைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு போய் அந்த ஜன்னலில் நிறுத்தினாள்.

"ஒன்பதாம் நம்பருக்கு ஒரு சீட்டு குடும்மா. உதட்டுல ஒரு சின்ன கொப்புளம், அவ்ளோதான்" என்றேன்.

"கொப்புளமா? உள்ளயா வெளியயா?"

"உள்ளதான்."

"எத்தனை நாளா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மங்களம், "நாலு மாசம்மா. பயந்துகினு சொல்லவே இல்ல" என்றாள்.

ஆக்னஸ் அம்மா பேனாவை வைத்துவிட்டார். புகையிலை உண்டா, பீடி உண்டா, பாக்கு உண்டா, உடைந்த பல் ஏதாவது குத்துகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். என்ன வேலை என்றார். டிரிம்மர் என்றேன். ரயில்வேயில் இருபது வருஷம் இருந்தும் டிரிம்மர் என்ன செய்வான் என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் அதை விளக்கத் தோன்றவில்லை. அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தார்.

அப்போது மின்விசிறி காற்றில் முந்தின நாள் சீட்டுகள் மேஜையெல்லாம் பறந்தன. அவற்றை அடுக்கிக் குண்டூசி குத்துவதற்காக ஊசி டப்பாவைக் கவிழ்த்து, "இதைக் கொஞ்சம் பிடிங்க அண்ணே" என்று ஒரு கை ஊசியை என்னிடம் நீட்டினார். நான் வாங்கினேன்.

வாங்கி என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஜன்னலுக்கு உள்ளே அவர் கை அப்படியே நின்றதைத்தான் பார்த்தேன்.

"துப்புங்க" என்றார்.

பத்துப் பன்னிரண்டு குண்டூசிகளும் என் வாயில், கீழுதட்டின் இடது ஓரத்தில், தலை வெளியே தெரிய வரிசையாக உட்கார்ந்திருந்தன.

எங்கள் தொழிலில் அப்படித்தான். ஒரு கை ரெக்ஸினை இழுத்துப் பிடிக்கும், ஒரு கை சுத்தியல் பிடிக்கும். ஆணிக்கு மூன்றாவது கை எங்கே போவது? அதனால் ஒரு பிடி ஆணியை வாயில் போட்டுக்கொண்டு, நாக்கால் ஒவ்வொன்றாகத் திருப்பி உதட்டுக்குக் கொண்டுவந்து, விரலால் எடுத்து அடிப்போம். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என் வாயின் இடது ஓரம்தான் ஆணி டப்பா. அதை ஒரு வழக்கம் என்று நான் நினைத்ததே இல்லை. மூச்சு விடுவதைப் போய் யாராவது டாக்டரிடம் சொல்வார்களா?

"டெய்லி வாயில வைப்பீங்களா?" என்றார்.

"ஊசி இல்லம்மா. ஆணி."

"எத்தனை வருஷமா?"

"இருபது, இருபத்தொண்ணு."

"அதே இடத்துலயா?"

நாக்கு தானாக அந்த உருண்டைக்குப் போயிற்று.

அவர் சீட்டில் ஏழு என்று எழுதினார். நான் விடவில்லை. பல்லில் ஒன்றுமில்லையே, பல் டாக்டருக்கு உதட்டைப் பற்றி என்ன தெரியும் என்றேன். அவர் பொறுமையாகத்தான் சொன்னார். "வெளி உதடு வெடிச்சா ஒன்பது. தொண்டைக்குள்ள முழுங்க முடியலேன்னா ஐந்து. வாய்க்குள்ள ஈறு, நாக்கு, கன்னம், உள்ளுதடு, இதெல்லாம் தினம் பொழுதும் பாக்குறவர் பல் டாக்டர்தான். தேவைப்பட்டா அவரே வெட்டி டெஸ்டுக்கு அனுப்புவார். அவருக்கே டவுட் வந்தாதான் சர்ஜன். போன வருஷம் இந்த மாதிரி எட்டு பேர். நாலு பேரை நான் வேற கதவுக்கு அனுப்பினேன். நாலு பேரும் சுத்திட்டுக் கடைசியில ஏழுக்குத்தான் வந்தாங்க."

வெட்டி என்ற சொல்தான் என் காதில் நின்றது. சீட்டைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, வெளி வாசலை நோக்கி நடந்தேன். மங்களம் அழ ஆரம்பித்துவிட்டாள்.

அப்போது ஆக்னஸ் அம்மா ஒன்று செய்தார். வேலை நேரத்தில் அவர் ஜன்னலைச் சாத்தி அதுவரை யாரும் பார்த்ததில்லை. அன்று படாரென்று சாத்தினார். வரிசையில் நாற்பது பேர் தெலுங்கிலும் இந்தியிலும் தமிழிலும் கத்த, பக்கத்துக் கதவு வழியாக வெளியே வந்து என் முழங்கையைப் பிடித்தார். ஐந்தடிகூட இல்லாத மனுஷி.

"கைக்கு டர்னா? எதுக்குப் பயப்படணும்? சந்தேகமே இல்ல, ஏழாம் நம்பர்தான். வாங்க" என்று சொல்லி, ஏழாம் நம்பர் வரை என்னைக் கொண்டுபோய், ஆணி சமாசாரத்தை டாக்டருக்குத் தெலுங்கில் விளக்கிவிட்டுத்தான் திரும்பினார். அந்தச் 'சந்தேகமே இல்ல' என்பதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இந்த அம்மாளுக்கே தெரிந்துவிட்டது, ஒன்றுமில்லை என்று. இல்லாவிட்டால் இவ்வளவு தைரியமாகச் சொல்வாளா?

பல் டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தார். பார்த்தார், அமுக்கினார், ரிப்போர்ட் வந்தால்தான் எதுவும் சொல்வேன் என்றார். மறுநாள் மரத்துப்போக ஊசி போட்டு, கால் மணி நேரத்தில் அந்த உருண்டையை எடுத்து ஒரு சின்னப் பாட்டிலில் போட்டார். இரண்டு தையல். சோதனை முடிவு வர எட்டு நாள்.

திரும்பிப் போகும்போது வழக்கப்படி ஜன்னலில் ஒப்பித்தேன். கேட்டுக்கொண்டவர், "அண்ணே, இந்த ஹாலு பெஞ்சு ரெண்டு கிழிஞ்சு கிடக்கு. நோயாளிங்க உக்கார முடியல. ஷிஃப்ட் முடிஞ்சு வந்து தைச்சுக் குடுப்பீங்களா? ஆனா ஆணி வாயில வைக்கக் கூடாது" என்றார். பவுடர் டப்பா மூடி ஒன்றையும் கொடுத்தார், ஆணி வைக்க.

ஃபோர்மேனிடம் சொல்லி மிச்ச ரெக்ஸின் வாங்கிக்கொண்டு போனேன். வாயில் ஆணி இல்லாமல் அடிப்பது பெரிய அவஸ்தை. மூடி ஒரு பக்கம் கவிழும், ஆணி உருளும், கை தேடும். ஒரு பெஞ்சுக்கு இரண்டு மணி நேரம். இரண்டு பெஞ்சையும் முடித்துவிட்டு நிமிர்ந்தால், மறுநாள் மூன்றாவது ஒன்று கிழிந்திருந்தது. அடுத்த நாள் நாலாவது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. "சர்க்கார் சொத்துன்னா இந்த ஜனங்களுக்கு இன்னா இளக்காரம் பாரும்மா! பிளேடு போட்டுக் கிழிக்குறான் எவனோ. கையில கெடச்சான்னா..." என்று ஹாலே அதிரும்படி திட்டினேன். உட்கார்ந்திருந்த நோயாளிகளையெல்லாம் ஒரு மாதிரி பார்த்தேன். ஆக்னஸ் அம்மா, "ஹவ், ஹவ். என்ன ஜனங்களோ" என்று ஆமாம் போட்டபடியே சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். எட்டு நாளில் ஆறு பெஞ்சு. ஒரு நாள்கூட நான் அங்கே போகாமல் இருக்க முடியவில்லை.

எட்டாம் நாள் சாயங்காலம், நான் கடைசிப் பெஞ்சில் ஆணி அடித்துக்கொண்டிருக்கும்போதே டாக்டர் கூப்பிட்டார். ஆணி ஓயாமல் குத்தியதால் வந்த வெறும் தடிப்பு, கெடுதல் ஒன்றுமில்லை, இனி வாயில் ஆணி வைக்காதே என்றார். ஓடி வந்து ஜன்னலில் சொன்னேன். அவர் "ஹவ்" என்றார். அவ்வளவுதான். எனக்குச் சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது. முன்கூட்டியே தெரிந்தவருக்கு இது என்ன பெரிய சேதி என்று சமாதானம் செய்துகொண்டேன். எனக்கு அடுத்து நின்றவர், சீட்டில் அறை எண்ணே இல்லை என்று திரும்பி வந்து சண்டை போட்டார்.

அந்த வாரமே அவர் டிரிம்மிங் ஷாப்புக்குச் சொல்லியனுப்பினார், ஒவ்வொருவரும் வந்து ஏழாம் நம்பரில் வாயைக் காட்ட வேண்டும் என்று. பதினேழு பேர் போனோம். ஒருவனுக்கு ஈறில் ஏதோ இருந்து ஆரம்பத்திலேயே சரியாயிற்று. எங்கள் மேஜைகளில் ஆணிக்கு டப்பா மூடி வந்தது. அதன் பிறகு வாயில் புண், கட்டி என்று யார் வந்தாலும் அவருடைய முதல் கேள்வி, "என்ன வேலை? வேலை செய்றப்ப வாயில என்ன வைப்பீங்க?" என்பதுதான். தையல்காரர் ஊசி வைப்பார், வயர்மேன் கம்பியைப் பல்லால் உரிப்பார், குமாஸ்தா பென்சில் கடிப்பார். எல்லோரும் அந்த ஜன்னலில் வந்துதான் அதை முதல் முறையாக யோசித்தார்கள். எந்தப் புத்தகத்திலும் படிக்காமல், கேட்டுக் கேட்டே இவ்வளவு தெரிந்துகொண்ட மனுஷியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

விழாவுக்கு வருகிறேன். மாலையெல்லாம் போட்டு அவரை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். மகள் எலிசபெத் பக்கத்தில். தமிழ் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் சொல்கிற பெண். நான் மைக்கைப் பிடித்து முழங்கினேன். "என் வாயைப் பாத்ததுமே, டாக்டருக்கு முன்னாலயே, ஒண்ணுமில்லன்னு கண்டுபுடிச்சுச் சொன்னவங்க இந்த அம்மா!"

"ஏய் அண்ணே, நான் எப்ப அப்டி சொன்னேன்?" என்றார் அவர், நாற்காலியிலிருந்தே. கூட்டம் சிரித்தது. வணக்கம் சொல்லி இறங்கிவிட்டேன்.

எல்லோரும் போன பிறகு, வாசலில் ஆட்டோவுக்காக நின்றவரிடம் போய்க் கேட்டேன். "சந்தேகமே இல்லன்னு சொன்னீங்களேம்மா?"

"ஏழாம் நம்பர்ன்றதுல சந்தேகம் இல்லன்னு சொன்னேன். எந்தக் கதவுன்னுதான் எனக்குத் தெரியும் அண்ணே. உள்ள என்ன இருக்குன்னு எனக்கு எப்டித் தெரியும்?"

"அப்ப அந்த எட்டு நாளு?"

"அந்த எட்டு நாளும் எனக்குச் சோறு இறங்கல. பஸ்ஸுல ரெண்டு தடவை ஸ்டாப் தாண்டிப் போயிட்டேன். நீங்க ரிப்போர்ட் வாங்காம ஓடிருவீங்கன்னு மூஞ்சியிலயே எழுதி இருந்துச்சு. கிழிஞ்ச பெஞ்சு ரெண்டுதான். மீதி நாலும் நான் கிழிச்சது."

மூன்றாவது பெஞ்சிலிருந்து ஆறாவது வரை, கிழிசல் ஒவ்வொன்றும் ஓரத்தை ஒட்டி, அளவுகோல் வைத்தாற்போல் நேராக ஓடியது என் கண் முன்னால் வந்தது. ஜனங்கள் உட்கார்ந்து கிழிகிற ரெக்ஸின் அப்படிக் கிழியாது. முப்பது வருஷம் ரெக்ஸினை வெட்டியவன் நான், எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். பயத்தில் இருந்தவனுக்குத் திட்டத்தான் தெரிந்தது.

"எவனோ பிளேடால கிழிச்சான்னு எத்தினி திட்டு திட்டினேம்மா. கேட்டுகினே இருந்தீங்களே" என்றேன். வெட்கமில்லாமல், வாசலில், போகிறவர் வருகிறவர் பார்க்க அழுதேன்.

"பிளேடு இல்லண்ணே, கத்திரி" என்றார் ஆக்னஸ் அம்மா. ஆட்டோ வந்தது. மாலைகளை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தவர், தலையை வெளியே நீட்டி, "வாயில ஆணி வைக்கிறதில்லையே?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.